காதுச்சட்டி மாட்டியிருந்த மத்தியானம்

சத்தமாகவே பேசிப் பழகிய என் அம்மாவுக்கு,

நீ இருந்தபோது உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் நான்தான் அதை உனக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். பஞ்சாயத்திலிருந்து வரும் மலையாளக் காகிதங்களை அப்படித்தானே படித்துக் காட்டினேன். நீ அரிசி களைந்துகொண்டே கேட்பாய். நடுவில், "அவிய என்ன சொல்றாங்கன்னு மட்டும் சொல்லு கண்ணு, கதையெல்லாம் வேண்டாம்" என்பாய். இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் கதைதான் அதிகம். பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. செவலை மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. அப்பா தோசை சுடக் கற்றுக்கொண்டார். முதல் தோசையை மாட்டுக்குத்தான் போடுகிறார், ஆனால் இரண்டாவது நன்றாகவே வருகிறது. உன் பச்சைச் சேலை இன்னும் கொடியில் கிடக்கிறது. எடுத்து மடிக்க வேண்டியது நான். மடிக்கவில்லை. என் வேலை நிரந்தரமாகிவிட்டது. சரசக்காவின் வீட்டுக்காரர் போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கடைசி இரண்டு செய்திகளைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவற்றைச் சொல்ல வேண்டுமென்றால் காதுச்சட்டியிலிருந்து தொடங்க வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்குத் தெரியாதே.

மலையாள நாட்டு எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியில் நம் வீட்டுக்கும் நார் மில்லுக்கும் நடுவில் இருப்பது ஒரு முள்வேலி மட்டும். தேங்காய் மட்டையை உள்ளே போட்டால் அடித்து நாராகத் துப்பும் அந்த மிசின், காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை நிற்காது. அதில் இரண்டு சத்தம் உண்டு. மேலே ஒரு கிறீச். கீழே, தரையோடு வந்து கட்டில் காலில் ஏறும் ஒரு தம்தம். அதற்கு மேலே கேட்க வேண்டும் என்பதற்காகவே நம் தெருவில் எல்லாரும் ஓங்கிப் பேசுகிறவர்களாக ஆனார்கள். நீ அவர்களில் முதல் ஆள். நான் மட்டும் எதிர்ப்பக்கம் போனேன். மில் ஓடுகிற நேரத்தில் பேசுவதையே விட்டுவிட்டேன்.

பி.எஸ்சி. முடித்து, எங்கெங்கோ விண்ணப்பம் போட்டு, கடைசியில் கொச்சியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். யாரோ யாரிடமோ போனில் பேசியதைக் கேட்டு அப்படியே தட்டெழுத வேண்டும். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுகிற நம் பக்கத்து ஆட்களின் பேச்சு அங்கே யாருக்கும் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபடும். என்னுடைய இயற்பியல் படிப்பு வாங்கித் தராத வேலையை நம் ஊர்ப் பேச்சு வாங்கித் தந்தது. கேட்பதுதான் வேலை. ஆனால் என் காதில் பாதி நேரம் மில்தான் கேட்டது. எழுதியதில் தப்பு மேல் தப்பு. "வீட்டில் கட்டுமான வேலை ஏதாவது நடக்கிறதா?" என்று சூப்பர்வைசர் மேடம் கேட்டார். ஆமாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்றேன். நான் பிறந்ததிலிருந்து நடக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வெளிச் சத்தத்தை அடைக்கிற ஹெட்போன் ஒன்றை நெட்டில் உனக்குக் காட்டினேன். விலையைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஒரு ஆடு வாங்கிக் கட்டலாம், அதாச்சும் குட்டி போடும்" என்றாய். அப்போதுதான் நாமே செய்தால் என்ன என்று சொன்னேன். கம்பெனிகளில் மிசின் பக்கத்தில் நிற்கிறவர்கள் மாட்டுவார்களே, இரண்டு பக்கமும் கிண்ணம் வைத்த காதுமூடி, அதில் பழையது ஒன்று கிடைத்தால் போதும். உள்ளே சாதாரண இயர்போனின் ஸ்பீக்கரை வைத்துவிடலாம். நீ உடனே கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாய். பஸ் மாறி, எலப்புள்ளி வழியாக, கம்பெனிகள் இருக்கும் கஞ்சிக்கோட்டுக்குப் போனோம்.

அந்தப் பழைய சாமான் கடையை மறக்க முடியுமா? ஆரஞ்சு நிறத்தில் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கத்து மெத்தை பிய்ந்து தொங்கியது.

"ஏனுங் தம்பி, ஒத்தக் காது பிஞ்சு கெடக்குது. இதுக்குப் போயி இந்த வெல சொல்றீங்களே?"

"சேச்சி, இது கம்பெனி சாமான்."

"கம்பெனிக்காரன் வேண்டாம்னு வீசினதுதானுங்களே? அவனுக்குக் குப்பை, எனக்கு மட்டும் கம்பெனி சாமானா?"

கடையே திரும்பிப் பார்த்தது. நான் தகர அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீ விடவில்லை. "அந்தா, தகரத்துக்குப் பொறவால நிக்குதே, அந்தப் புள்ளைக்குத்தானுங். எங்கூட்ல மொத டிகிரி. ஆபீஸ் வேலைங்." நான் தகரத்துக்குள்ளேயே புகுந்துவிட முடியுமா என்று பார்த்தேன். அவர் சிரித்துவிட்டுப் பாதி விலைக்குக் கொடுத்தார்.

செய்வது நான் நினைத்ததைவிடக் கஷ்டம். ஒரு இயர்போனில் இடது பக்கம் போயிருந்தது, இன்னொன்றில் வலது பக்கம். இரண்டையும் உடைத்து, நல்ல பக்கத்துச் சில்லு ஸ்பீக்கரை மட்டும் எடுத்தேன். குடைக்கம்பியைச் சூடாக்கிக் கிண்ணத்தின் அடியில் ஓட்டை போட்டு வயரை இழுத்தேன். அந்த வயர் தலைமுடி மாதிரி. மேலே பூசியிருக்கும் பூச்சைச் சுட்டு எடுக்காவிட்டால் ஈயம் ஒட்டாது. அது தெரியாமல் ஒரு பகல் முழுக்க ஊதி ஊதிப் பற்றவைத்தேன். கல்லூரி லேபில் எல்லாம் தயாராக வைத்திருப்பார்கள். நாங்கள் அளவு மட்டும் எடுத்துக்கொண்டு வருவோம்.

கிண்ணத்துக்குள் என்ன அடைப்பது என்பதில்தான் உன் யோசனை வந்தது. வேலிப்பக்கம் போய் ஒரு கை நாரை அள்ளிக்கொண்டு வந்தாய். "அவன் நாரை வெச்சே அவன் சத்தத்தை அடைச்சுப் போடலாம்." எனக்கும் அது நன்றாகத்தான் பட்டது. அடைத்து மாட்டினேன். தலையை அசைக்கிறபோதெல்லாம் காதுக்குள் எலி ஓடுகிற மாதிரி ஒரு சரசரப்பு. சாயங்காலத்துக்குள் இரண்டு காதும் சிவந்து அரித்தன. மில்லை வெளியே நிறுத்த நினைத்துக் காதுக்குள்ளேயே குடிவைத்துவிட்டோம் என்று நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அப்புறம் நாரை எடுத்துவிட்டுப் பழைய ஜமுக்காளத்தை வட்டமாக வெட்டி இரண்டு அடுக்கு வைத்தேன். அப்பாவின் வண்டி சீட்டிலிருந்து வெட்டிய ஸ்பாஞ்சை வளையமாக்கிக் கொடுத்தேன். நீ அதற்கு ரெக்சின் உறை தைத்தாய், சாக்குத் தைக்கிற ஊசியில், காதைச் சுற்றி எங்கேயும் இடுக்கு விழாமல். இடுக்கு விழுந்தால் எல்லாம் வீண் என்று நான் ஒரு தடவைதான் சொன்னேன். உன் தையல் இன்னும் ஒரு இடத்தில்கூட விடவில்லை, அம்மா.

பரீட்சை வைத்தது நீதான். என்னை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாய். கிறீச் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. தம்தம் மட்டும் எங்கோ ஆழத்தில் இருந்தது. நான் நிம்மதியாகக் கண்ணை மூடினேன். அப்போது, தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, "கேக்குதா புள்ள?" என்று உன் குரல்.

"கேக்குதும்மா."

"அப்பச் சரி. மில்லு கேக்க வேண்டாம், ஊர்க்காரிக பேசறது கேக்க வேண்டாம். நாங் கூப்புட்டாக் கேக்கோணும். அப்புடி வெச்சுக்கோ."

அப்படி ஒன்றை யாராலும் செய்ய முடியாது என்று சொன்னேன். "நீதாஞ் செஞ்சுட்டியே" என்றாய். அதற்குக் காதுச்சட்டி என்று பெயரும் வைத்தாய். அப்பாவுக்கு அக்கா முறையான பக்கத்து வீட்டுச் செல்லாயி அத்தை வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி, உன்ற மவ ஏரோப்பிளேன் ஓட்டப் போறாளா?" என்று கேட்டபோது, "ஆமாங்க நங்கையா, மொத நாளு உங்களத்தான் ஏத்திட்டுப் போவா" என்றாய்.

பங்குனி வெயிலில் பால் சொசைட்டியிலிருந்து திரும்பி வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

நீ போன அன்றைக்கு நான் சத்தம் போட்டு அழவில்லை. அழுகை வராமல் இல்லை, சத்தம்தான் வரவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளில் தோள் போட்டுக் குனிந்து அழுதபோது நானும் நடுவில் குனிந்திருந்தேன். என் வாயிலிருந்து மூச்சு மட்டும் வந்தது. பிள்ளை அதிர்ச்சியில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள். அது நல்ல வார்த்தையாக இருந்ததால் நானும் மறுக்கவில்லை.

உனக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. எந்த எழவு வீட்டிலும் முதல் குரல் உன்னுடையது. தெரு முனையிலேயே தொடங்கிவிடுவாய். செத்தவர் என்ன சாப்பிடப் பிடித்தவர், எந்தத் திருவிழாவில் யாரைத் திட்டினார் என்பதெல்லாம் உன் அழுகையில் வரிசையாக வரும். அழுகிறவர்களே நடுவில் சிரித்துவிடுவார்கள். அப்படி ஊர் முழுக்க நீ அழுது வைத்திருந்தாய். உனக்கென்று வந்தபோது எல்லாரும் அதைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் நான்.

உன் வெற்றிலைக் கூட்டாளி சரசக்கா மட்டும் அன்றைக்கு இல்லை. மகளின் பிரசவத்துக்கு உடுமலைப்பேட்டை போயிருந்தார். திரும்பி வந்ததும், பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல், தெற்கால வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு துக்கம் கேட்க வந்தார். அது ஒரு மத்தியானம். எனக்கு லீவு முடிந்திருந்தது. வேலையில் வைத்துக்கொள்வார்களா வேண்டாமா என்று தீர்மானிக்கிற சோதனை அன்றைக்குத்தான். மேடம் லைனில் இருந்துகொண்டே நான் எழுதுவதைப் பார்த்தார். நன்றாக முடிந்தது. "குட், நாளைக்குச் சொல்கிறேன்" என்று லைனை வைத்தார்.

நான் காதுச்சட்டியைக் கழற்றப் போனேன். அப்போது கேட்டது.

"ஊருக்கே கொரலு குடுத்த மகராசி… உன்ற கொரலு எங்க போச்சு… வெத்தல மடிச்சுக் குடுப்பியே என்னப் பெத்த அக்கா…"

தூரத்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரித்தான் கேட்டது. ஆனால் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. சரசக்காவின் குரல் என்றும் தெரிந்தது.

நம் வழக்கம் உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். துக்கம் கேட்க வருகிற பெண்கள் வெளிவாசலிலேயே அழத் தொடங்குவார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து போய், கையைப் பிடித்து, கூட அழுது, உள்ளே கூட்டி வர வேண்டும். அதுவரை அவர்கள் உள்ளே வரவும் மாட்டார்கள், அழுகையை நிறுத்தவும் மாட்டார்கள். ஆண்கள் போய் அழைக்க முடியாது. உன்னை விட்டால் நம் வீட்டில் பெண் நான் ஒருத்திதான்.

என் கை காதருகிலேயே நின்றது. இப்போது எழுந்து போனால், அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து, சத்தமாக… என்னால் முடியாது என்று உடம்பே சொன்னது. கையைக் கீழே இறக்கினேன். கழற்றாமல். கம்ப்யூட்டர் திரை அணைந்து கறுப்பாக இருந்தது. அதில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கிண்ணங்களும் நடுவில் என் முகமும் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் அழுதார்கள். ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து அழுதார்கள். வெயில் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், அந்த வெயில்தானே உன்னைக் கொண்டுபோயிற்று. அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வாசலுக்கும் கதவுக்கும் நடந்தார். பிறகு அவர் குரலும் கேட்டது.

"பாப்பா வேலைல இருக்குதுங்க. அதைக் காதுல மாட்டிட்டா இடி உழுந்தாலும் கேக்காதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க தாயி."

கடைசியில் செல்லாயத்தைதான் தன் வீட்டிலிருந்து ஓடி வந்து, நம் வீட்டுப் பெண்ணாக நின்று, அவர்கள் கையைப் பிடித்தார். உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். அவர்கள் எழுந்து போன பிறகுதான் நான் வெளியே வந்தேன். எழவு வீட்டிலிருந்து யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால் சரசக்கா சொல்லாமல் போனது வழக்கமா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை.

"கேக்கலீங்களா கண்ணு?" என்றார் அப்பா. என்னைத் திட்ட வேண்டுமென்று அவருக்குத் தோன்றவேயில்லை. நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பதை அவர் விருப்பம்போல் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வேலை நிரந்தரம் என்று செய்தி வந்தது. காதால் கேட்டுச் சம்பாதிக்கிற வேலை.

ஊர் சும்மா இருக்குமா? பால் சொசைட்டியில் நான் கேனை வைத்துக்கொண்டு நிற்கும்போதே பின்னால் பேசினார்கள். "படிச்ச புள்ளைக்கு அழுவறதுக்கும் ஒரு மிசினு வேணுமாட்ட இருக்குது." செல்லாயத்தை என் முகத்துக்கு நேராகவே கேட்டார். "ஏ அம்மிணி, ஆத்தாளுக்கு வந்த எழவு. நான் போயி உன்ற கையா நிக்கறேன், நீ சட்டியக் கவுத்துட்டு உள்ள குக்கீட்டு உக்காந்திருக்கற. நல்லாருக்குதா?" கேட்கவில்லை அத்தை என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல மட்டும் எனக்குக் குரல் வந்தது.

எல்லாரும் என்னை மன்னித்ததே காதுச்சட்டியைக் காரணம் காட்டித்தான். பாவம், கேட்கவில்லை. நீ தைத்த பொருளை நான் அதற்குப் பயன்படுத்தினேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்றுதானே அதைச் செய்தோம்?

அப்படியே மாதங்கள் போயின. சரசக்காவை வழியில் பார்த்தால் நான் வேலியோரமாக ஒதுங்கினேன். அவர் மில்லுக்குப் போகிறவர். காலையில் போனால் அந்த மிசினுக்குப் பக்கத்திலேயே நின்று மட்டை தள்ளுகிற வேலை. ஒருமுறை அவரைத் தாண்டும்போது "அக்கா" என்றேன். அவர் திரும்பவில்லை. சரி, கோபம்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

போன வாரம் அவர் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். படுக்கையில் கிடந்தவர்தான், ஆனாலும் இறந்துவிட்டால் இறந்ததுதானே. அன்றைக்குக் காலையில் அப்பா தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"உங்கம்மா இருந்தா இந்நேரம் மொதல்ல போயி நின்னிருப்பா. இப்ப நம்மூட்டுப் பொம்பள நீதாங் கண்ணு. மத்தியானம் செல்லாயக்கா எல்லாம் ஒட்டுக்காப் போறாங்களாம். போயிட்டு வந்துரு சாமி."

"எனக்கு அழ வராதுங்கப்பா."

"எனக்குந்தான் தோசை சுட வராது."

அவர் தோட்டத்துக்குப் போன பிறகு நான் அறையில் போய் உட்கார்ந்தேன். வேலைக்கு லீவு சொல்லியிருந்தேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. காதுச்சட்டியை எடுத்து மாட்டினேன். பாட்டு எதுவும் போடவில்லை. இந்த மில் சத்தத்தில் நான் அழுதால் யாருக்கும் கேட்காது, அழுது பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சிரிக்காதே. அழுகைக்கு ஒத்திகை பார்த்த முதல் ஆள் நம் ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

காதை இறுக மூடிக்கொண்டு பேசினால் வெளிச் சத்தம் குறையும், சொந்தக் குரல் மண்டைக்குள் பெரிதாகும். அதைப் படித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் கேட்டேன். வாயைத் திறந்து "அம்மா" என்றேன். அந்த ஆரஞ்சுக் கிண்ணங்களுக்குள் ஒரு பெரிய குரல் எழுந்து என்னையே திடுக்கிட வைத்தது. அது உன் குரல் மாதிரி இருந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். இல்லை. கொஞ்சம் ஆட்டுக் குரல் மாதிரி இருந்தது. ஆனால் என்னுடையது. இவ்வளவு வருடத்தில் அதை நான் முழுசாகக் கேட்டதே இல்லை. மறுபடியும் "அம்மா" என்றேன். அதற்கப்புறம் அது ஒத்திகையாக இருக்கவில்லை.

மத்தியானம் செல்லாயத்தையின் பின்னால் போனேன். தென்னந்தோப்புத் திருப்பத்தில் எல்லாரும் தொடங்கினார்கள். என் வாய் திறந்தது, ஒன்றும் வரவில்லை. அறையில் இருந்த ஆட்டுக் குரல்கூட வரவில்லை. சரசக்காவின் வெளிவாசலில் போய் நின்றோம். எனக்கு ஒரே பயம். நீ விட்டுவிட்டுப் போன இடத்தில் நான் நிற்கிறேன். என்னை வாசலிலேயே நிற்க வைக்க அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. என் கையை மட்டும் பிடிக்காமல் போனால் நான் என்ன செய்வேன்? நம் வீட்டின் கை அது.

சரசக்கா தலைவிரிகோலமாக வெளியே வந்தார். ஒவ்வொருவர் கையாகப் பிடித்து அழுதார். என் முன்னால் வந்து நின்றார். பார்த்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

பிடித்துக்கொண்டேன். "அக்கா" என்றேன். மூச்சுதான் வந்தது.

"என்ன கண்ணு?" தலையைச் சாய்த்துக் காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "கேக்கல. சத்தமாச் சொல்லு."

பின்னாலிருந்து செல்லாயத்தை அழுகையை நிறுத்திவிட்டு அதட்டினார். "அவளுக்கு மில்லுக் காது புள்ள. பக்கத்துல இடி உழுந்தாலும் கேக்காது. ஓங்கி அழு!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வழியில் நான் "அக்கா" என்றது அவருக்குக் கேட்டிருக்கவே இல்லை. வெயிலில் நின்று திரும்பத் திரும்ப முதலிலிருந்து அழுதாரே, அவர் குரலே அவருக்கு எவ்வளவு கேட்டிருக்கும்? கேட்காத காதை வைத்துக்கொண்டு அவர் உனக்காக அவ்வளவு சத்தமாக அழுதார். கேட்கிற காதை வைத்துக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெட்கம்தான் என் தொண்டையைத் திறந்தது. வேறு எதுவும் இல்லை. அழுதேன், அம்மா. ஆட்டுக் குரலில், தாளம் தப்பி, ஊரே திரும்பிப் பார்க்க அழுதேன். நடுவில், "அன்னைக்கு எனக்குக் கேட்டுதுங்கக்கா… எல்லாமே கேட்டுது… நாந்தான் வரல…" என்றும் அழுதேன். அது சரசக்காவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. செல்லாயத்தைக்குக் கேட்டது. என் தோளில் இருந்த அவர் கை ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு தட்டிக் கொடுக்கத் தொடங்கியது.

சரசக்கா என் முகத்தை நிமிர்த்தினார். "ஆத்தாளுக்கா அழுவற?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. அவர் வீட்டுக்காரர் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. ஆமாம் என்று தலையசைத்தேன்.

"அழு. நானும் எங்கம்மாளுக்குத்தான் அழுதுட்டு இருக்கறேன். இவரு எங்க அழுவ வெச்சாரு, கத்தத்தான் வெச்சாரு" என்றார். அந்த நிலைமையில் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நீ இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் நாலு வரி கூட்டியிருப்பாய்.

இது அச்சில் வந்தால் நான் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அன்றைக்கு என் தலை எந்தப் பக்கம் ஆடியது என்று அவருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். அதற்குப் பிறகு அவர் என்னைத் திட்டுவாரா, இல்லை இரண்டாவது தோசையை என் தட்டில் போடுவாரா?

கஞ்சிக்கோட்டுக்கு நாளைக்கு நான் மட்டும் போகிறேன். அந்தக் கடையில் இன்னொரு காதுமூடி கிடைக்குமா பார்க்க வேண்டும். சரசக்காவுக்கு. உள்ளே ஸ்பீக்கர் எல்லாம் வேண்டாம். ஜமுக்காளமும் ஸ்பாஞ்சும் போதும். போன காதைத் திருப்பித் தராது. மிச்சமிருப்பதையாவது காக்கும். மில்லில் அதை மாட்டிக்கொண்டு நின்றால் மற்றவர்கள் சிரிப்பார்கள், ஏரோப்பிளேன் என்பார்கள். அவருக்குத்தான் கேட்காதே. பேரம் பேச நீ இல்லை. தகரத்துக்குப் பின்னால் ஒளியாமல், என்னால் முடிந்த அளவு சத்தமாகக் கேட்கிறேன். தைப்பதும் நான்தான். இடுக்கு விழாமல் தைக்க வருமா என்று தெரியவில்லை.

காதுச்சட்டியை விட்டுவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பிழைப்பு அதில்தான் இருக்கிறது. ஆனால் மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன் அம்மா, சுவரைப் பார்த்து இருந்ததை வெளிவாசலைப் பார்த்து. இனி யார் வந்து நின்றாலும் காதுக்குக் கேட்காவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போவேன். போய்க் கையைப் பிடிப்பேன். நம் வீட்டு வாசலில் இனி ஒரு அழுகை தனியாக நிற்காது.

உன் வயிற்றில் பிறந்தும் உன் தொண்டை வாய்க்காத,
உன் ஒரே மகள்.